வெயிட்டா இருந்தாதான் நல்ல ஸ்பீக்கரா? வாங்கும் முன் பார்க்க வேண்டிய எண் இதுதான்!

பாட்டு கேட்பதற்கென்றே வீட்டில் ஓர் அறையை ஒதுக்கி, நல்ல ஸ்பீக்கர் வாங்கலாம் என்று கடைக்குப் போனால் காதில் விழுவது பெரும்பாலும் இரண்டு விஷயங்கள்தான். ஒன்று, 'இது இத்தனை வாட் சார்'. இன்னொன்று, 'தூக்கிப் பாருங்க, என்னா வெயிட்டு!'.

ஆனால், வாட் எண்ணிக்கையோ எடையோ அந்த ஸ்பீக்கர் உங்கள் அறையில் எப்படி ஒலிக்கும் என்பதைச் சொல்லாது. இவை இரண்டை மட்டும் நம்பி வாங்கினால், ஸ்பீக்கருக்கு ஈடுகொடுக்க பெரிய ஆம்ப்ளிஃபயர், அதைத் தாங்க கனமான ஸ்டாண்டு என இரண்டாவது முறையும் பணம் செலவாகும். அப்போ எதைப் பார்த்து வாங்குவது?

முதலில் பார்க்க வேண்டியது சென்சிடிவிட்டி

ஸ்பீக்கருடன் வரும் விவரக் குறிப்பில் 'சென்சிடிவிட்டி' என்று ஒரு வரி இருக்கும். 1 வாட் மின்சக்தி கொடுத்து, 1 மீட்டர் தூரத்தில் வைத்து அளந்தால் எத்தனை டெசிபல் சத்தம் வருகிறது என்பதே அந்த எண். வீட்டு ஸ்பீக்கர்களில் இது பெரும்பாலும் 83 முதல் 93 டெசிபலுக்குள் இருக்கும்.

83-க்கும் 93-க்கும் 10 தானே வித்தியாசம் என்று நினைத்தால் அங்கேதான் ஏமாறுவோம். டெசிபல் கணக்கு வேறு மாதிரி. 3 டெசிபல் கூட்ட வேண்டுமென்றால் மின்சக்தியை இரண்டு மடங்காக்க வேண்டும். 10 டெசிபல் கூட்ட வேண்டுமென்றால் 10 மடங்காக்க வேண்டும். அதாவது, 93 டெசிபல் ஸ்பீக்கர் 5 வாட்டில் கொடுக்கும் சத்தத்தை, 83 டெசிபல் ஸ்பீக்கர் கொடுக்க 50 வாட் தேவை.

வாட் அதிகம் என்றால் சத்தம் அதிகமா?

இல்லை. ஸ்பீக்கரின் மேல் எழுதியிருக்கும் வாட், அது எவ்வளவு மின்சக்தியைத் தாங்கும் என்பதைத்தான் சொல்கிறது. எவ்வளவு சத்தம் தரும் என்பதை அல்ல.

அட்டைப்பெட்டியில் 'பி.எம்.பி.ஓ. 5000 வாட்' என்று கொட்டை எழுத்தில் போட்டிருந்தால் அதைக் கண்டுகொள்ளவே வேண்டாம். கண நேரத்துக்கு மட்டும் எட்டக்கூடியதாகச் சொல்லப்படும் விளம்பர எண் அது. தொடர்ந்து தரும் சக்தியைக் குறிக்கும் ஆர்.எம்.எஸ். வாட் எவ்வளவு என்று கேளுங்கள்.

உங்கள் அறைக்கு எத்தனை வாட் போதும்?

ஸ்பீக்கரில் இருந்து 2 மீட்டர் தள்ளி உட்கார்ந்து, சராசரியாக 75 டெசிபலில் பாட்டு கேட்பதாக வைத்துக்கொள்வோம். பக்கத்தில் இருப்பவரிடம் கொஞ்சம் குரலை உயர்த்திப் பேச வேண்டிய அளவு சத்தம் இது. டிரம்ஸ் அடி, தாளவாத்தியத்தின் உச்சம் போன்ற இடங்களில் சத்தம் 20 டெசிபல் வரை எகிறி 95-ஐத் தொடலாம்.

தூரம் இரண்டு மடங்கானால் திறந்தவெளியில் 6 டெசிபல் குறையும். இரண்டு ஸ்பீக்கர் பாடுவதால் 3 டெசிபல் திரும்பக் கிடைக்கும். இதை வைத்துப் பார்த்தால் அந்த உச்ச சத்தத்துக்கு ஒவ்வொரு ஸ்பீக்கருக்கும் தேவைப்படும் சக்தி:

- 83 டெசிபல் ஸ்பீக்கர்: சுமார் 32 வாட்
- 87 டெசிபல் ஸ்பீக்கர்: சுமார் 13 வாட்
- 93 டெசிபல் ஸ்பீக்கர்: சுமார் 3 வாட்

மூடிய அறையில் சுவர்கள் சத்தத்தைத் திருப்பி அனுப்புவதால் உண்மையில் இதைவிடக் குறைவாகவே தேவைப்படும். ஆக, சின்ன அறைக்கு 200 வாட் ஆம்ப்ளிஃபயர் தேடி அலைய வேண்டியதில்லை. 8 வாட் மட்டுமே தரும் வால்வு ஆம்ப்ளிஃபயர்களை இன்றும் சிலர் ஆசையாக வைத்திருக்க முடிவது, அவர்களின் ஸ்பீக்கர் திறன் மிக்கதாக இருப்பதால்தான்.

மிச்ச சக்தி எங்கே போகிறது?

92 டெசிபல் சென்சிடிவிட்டி உள்ள ஸ்பீக்கர்கூட, வாங்கும் மின்சக்தியில் சுமார் 1 சதவீதத்தைத்தான் ஒலியாக மாற்றுகிறது. 82 டெசிபல் ஸ்பீக்கர் என்றால் 0.1 சதவீதம். மீதி முழுக்க உள்ளே இருக்கும் கம்பிச்சுருளில் சூடாகப் போய்விடும்.

இதைக் கேட்டு, திறன் கூடிய ஸ்பீக்கர் வாங்கினால் கரண்ட் பில் குறையும் என்று நினைக்க வேண்டாம். வீட்டில் பாட்டு கேட்க ஆகும் மின்சாரமே கொஞ்சம்தான். லாபம் வேறு இடத்தில் கிடைக்கிறது. ஆம்ப்ளிஃபயர் சின்னதாகலாம், விலை குறையலாம், சூடும் குறையும்.

குழாய் ஸ்பீக்கர் ஊருக்கே கேட்டது எப்படி?

கல்யாண வீட்டிலும் கோயில் திருவிழாவிலும் மைக் செட்காரர்கள் மரத்தில் கட்டிய குழாய் ஸ்பீக்கர் நினைவிருக்கிறதா? சின்ன ஆம்ப்ளிஃபயரை வைத்தே அது ஊர் முழுக்கக் கேட்டது. காரணம், அந்தக் கூம்பு. உள்ளே அதிரும் சின்னத் தகட்டுக்கும் வெளியே இருக்கும் காற்றுக்கும் நடுவே கூம்பு ஒரு பாலம் போல வேலை செய்து, அதிர்வை வீணாக்காமல் காற்றுக்குக் கடத்துகிறது.

இதே தத்துவத்தை வீட்டுக்குள் கொண்டுவந்தவர்களில் முக்கியமானவர் அமெரிக்காவின் பால் கிளிப்ஷ். அர்கான்சா மாநிலத்தின் ஹோப் என்ற ஊரில் 1946-ல் அவர் தொடங்கிய நிறுவனத்தின் 'கிளிப்ஷ்ஹார்ன்' ஸ்பீக்கருக்கு சென்சிடிவிட்டி 105 டெசிபல். ஆனால், அதை அறையின் மூலையில்தான் வைக்க வேண்டும். ஓர் ஆள் தனியாகத் தூக்கவும் முடியாது.

திறன், சின்ன பெட்டி, ஆழமான பேஸ்: மூன்றும் கிடைக்குமா?

கிடைக்காது. இதை ஒலித்துறையில் 'ஹாஃப்மன் இரும்பு விதி' என்பார்கள். கே.எல்.எச். நிறுவனத்தைத் தொடங்கிய மூவரில் ஒருவரான ஜோசப் ஆண்டன் ஹாஃப்மன் பெயரில் வந்தது. சின்ன பெட்டி, ஆழமான பேஸ், அதிகத் திறன் என்ற மூன்றில் இரண்டைத்தான் எடுத்துக்கொள்ள முடியும். மூன்றாவதை விட்டுக்கொடுத்தே ஆக வேண்டும்.

உதாரணமாக, 80 ஹெர்ட்ஸ் வரை இறங்கும் ஸ்பீக்கரை, திறன் குறையாமல் 40 ஹெர்ட்ஸ் வரை இறக்க வேண்டுமென்றால் பெட்டி 8 மடங்கு பெரிதாக வேண்டும்.

1954-ல் எட்கர் வில்ச்சூரின் அகௌஸ்டிக் ரிசர்ச் நிறுவனம், அலமாரியில் வைக்கும் அளவு பெட்டியில் ஆழமான பேஸைக் கொண்டுவந்தது. அதற்கு அவர்கள் விட்டுக்கொடுத்தது திறனைத்தான். பி.பி.சி. தன் ஒளிபரப்பு வேன்களுக்காக 1970-களில் உருவாக்கிய எல்.எஸ்.3/5ஏ ஸ்பீக்கரின் எடை சுமார் 5 கிலோதான். குரலின் துல்லியத்துக்குப் பெயர் போனது. ஆனால், சென்சிடிவிட்டி சுமார் 83 டெசிபல்.

அதனால் எடையும் இல்லாமல், திறனும் குறையாமல் ஸ்பீக்கர் வேண்டும் என்றால் நீங்கள் விட்டுக்கொடுக்க வேண்டியது அடி ஆழ பேஸை. பேஸ் கிட்டாரின் கடைசித் தந்தி 41 ஹெர்ட்ஸில் ஒலிக்கும். 5 அங்குல ஊஃபர் வைத்த சின்ன ஸ்பீக்கர் பல நேரம் 55, 60 ஹெர்ட்ஸிலேயே நின்றுவிடும். அந்த ஆழமும் வேண்டும் என்பவர்கள் தரையில் ஒரு சப்ஊஃபரை வைத்து, 80 ஹெர்ட்ஸுக்குக் கீழே உள்ள வேலையை அதனிடம் ஒப்படைத்துவிடலாம்.

எடை எங்கிருந்து வருகிறது?

முதல் காரணம் பெட்டி. 30 செ.மீ. உயரம், 20 செ.மீ. அகலம், 25 செ.மீ. ஆழம் உள்ள பெட்டியை 18 மி.மீ. எம்.டி.எஃப். பலகையில் செய்தால் பலகை மட்டுமே சுமார் 5 கிலோ வரும். அதையே 12 மி.மீ. பிளைவுட்டில் செய்தால் சுமார் 3 கிலோதான்.

அப்படியானால் லேசான பெட்டி அதிராதா? அதிரும். ஆனால், அதிர்வை அடக்க தடிமன் மட்டுமே வழியல்ல. மெல்லிய பிளைவுட்டின் உள்பக்கம் அதிர்வை உறிஞ்சும் தார் போன்ற பட்டைகளை ஒட்டும் முறையை பி.பி.சி. ஆய்வாளர்கள் பல ஆண்டுகளுக்கு முன்பே வகுத்தார்கள். சில பிரிட்டன் நிறுவனங்கள் இன்றும் அதைத்தான் பின்பற்றுகின்றன.

இரண்டாவது காரணம் காந்தம். பழைய ஃபெரைட் காந்தத்தின் வேலையை, அதைவிடப் பல மடங்கு எடை குறைந்த நியோடிமியம் காந்தம் செய்துவிடும். 1980-களில் வந்த இந்தக் காந்தத்தால்தான் மேடைக் கச்சேரி ஸ்பீக்கர்களின் எடையும் குறைந்தது. எனவே, 'வெயிட் இல்லையே, டூப்ளிகேட்டோ' என்ற சந்தேகம் எல்லா நேரமும் சரியாக இருக்காது.

லேசான ஸ்பீக்கர் யாருக்கு நல்லது?

வாடகை வீட்டில் இருந்து அடிக்கடி வீடு மாறுபவர்கள், லிஃப்ட் இல்லாத மாடி வீட்டுக்காரர்கள், தனியாக வசிக்கும் முதியவர்கள் ஆகியோருக்கு எடை ஒரு பெரிய விஷயம். சின்னப் பிள்ளைகள் உள்ள வீட்டில் ஸ்டாண்டில் நிற்கும் 15 கிலோ பெட்டி சாய்ந்தால் ஆபத்து. 4, 5 கிலோ ஸ்பீக்கர் என்றால் சுவரில் பிராக்கெட் அடித்து மாட்டிவிடலாம்.

விவரக் குறிப்பில் இதையும் கவனியுங்க

சில நிறுவனங்கள் '1 வாட்' என்பதற்குப் பதில் '2.83 வோல்ட்' என்று போட்டிருக்கும். 8 ஓம் ஸ்பீக்கருக்கு இரண்டும் ஒன்றுதான். 4 ஓம் ஸ்பீக்கர் என்றால் அதே 2.83 வோல்ட்டில் 2 வாட் இழுக்கும். அதனால் அதில் 90 டெசிபல் என்று போட்டிருந்தால் 87 என்று எடுத்துக்கொள்ளுங்கள். அந்த 4 ஓமை உங்கள் ஆம்ப்ளிஃபயர் தாங்குமா என்பதையும் அதன் பின்பக்கம் பார்த்து உறுதி செய்யுங்கள்.

இன்னொரு விஷயம், சென்சிடிவிட்டி குறைந்த ஸ்பீக்கரை சின்ன ஆம்ப்ளிஃபயரில் மாட்டி வால்யூமை முழுக்கத் திருகினால் ஒலி கரகரக்கும். இதை 'கிளிப்பிங்' என்பார்கள். இப்படியே ஓட்டினால் மேல் ஸ்தாயிக்கான ட்வீட்டர் எரிந்து போகலாம். கரகரப்பு கேட்ட உடனே வால்யூமைக் குறைப்பதுதான் சரி.

ஆம்ப்ளிஃபயர் உள்ளேயே இருக்கும் ஆக்டிவ் ஸ்பீக்கர் என்றால் இந்தப் பொருத்தம் பார்க்கும் வேலையே இல்லை. அதில் அதிகபட்ச சத்தம் எத்தனை டெசிபல் என்று மட்டும் பாருங்கள்.

அறையும் பாதி வேலை செய்யும்

டைல்ஸ் தரையும் வெறும் சுவரும் உள்ள அறையில் எந்த ஸ்பீக்கரும் எதிரொலிக்கும். கனமான திரைச்சீலை, தரையில் ஜமக்காளம், புத்தக அலமாரி ஆகியவை அதைக் குறைக்கும். 10-க்கு 12 அடி அறையில் 47, 56 ஹெர்ட்ஸ் அருகே பேஸ் தானாகவே வீங்கும். அதனால் ஸ்பீக்கரை மூலையில் ஒட்டி வைக்காதீர்கள். சுவரை ஒட்டித்தான் இடம் என்றால், பின்பக்கம் ஓட்டை இல்லாத மாடலைத் தேர்ந்தெடுங்கள்.

பக்கத்து வீட்டையும் மறக்க வேண்டாம். ஒலி மாசு விதிகள்-2000 படி குடியிருப்புப் பகுதிக்கான வரம்பு பகலில் 55 டெசிபல், இரவு 10 முதல் காலை 6 மணி வரை 45 டெசிபல். காதுக்கும் ஒரு வரம்பு உண்டு. 80 டெசிபல் சத்தத்தை வாரத்துக்கு 40 மணி நேரத்துக்கு மேல் கேட்க வேண்டாம் என்கிறது உலக சுகாதார நிறுவனம்.

கடைக்குப் போகும்போது செக் லிஸ்ட்

- அறையின் நீள அகலமும், உட்காரும் தூரமும் எத்தனை அடி?
- சென்சிடிவிட்டி 87 டெசிபலுக்கு மேல் இருக்கிறதா? அது 1 வாட்டிலா, 2.83 வோல்ட்டிலா?
- 4 ஓமா, 8 ஓமா? கையில் இருக்கும் ஆம்ப்ளிஃபயருக்குப் பொருந்துமா?
- பேஸ் எத்தனை ஹெர்ட்ஸ் வரை இறங்குகிறது? சப்ஊஃபர் சேர்க்க பட்ஜெட் உண்டா?
- ஒரு ஸ்பீக்கரின் எடை எவ்வளவு? அதை வைக்கும் இடம் தாங்குமா?

முக்கியமாக, நீங்கள் நன்றாக மனப்பாடமாக அறிந்த பாட்டை எடுத்துச் சென்று போட்டுக் கேளுங்கள். இரண்டு ஸ்பீக்கரை ஒப்பிடும்போது வால்யூம் சமமாக இருக்க வேண்டும். கொஞ்சம் சத்தமாகப் பாடுவதுதான் காதுக்கு நன்றாகத் தோன்றும் என்பதால், சென்சிடிவிட்டி கூடிய ஸ்பீக்கர் தரமானது போல ஏமாற்றலாம். சத்தத்தைச் சமன் செய்த பிறகும் குரல் தெளிவாகக் கேட்டால், பில் போடச் சொல்லலாம்.