காவின் நிழலும் கண்ணாடிப் பெட்டியின் வெளிச்சமும்

1956 நவம்பர் 1 அன்று தோவாளை, அகஸ்தீஸ்வரம், கல்குளம், விளவங்கோடு ஆகிய நான்கு வட்டங்களும் சென்னை மாநிலத்தோடு இணைந்தன. நெய்யாற்றின்கரை வட்டம் கேரளத்திலேயே நின்றது. காரோடு மாநில எல்லைக் கிராமமானது அன்றுதான். ஆயினும் அந்தக் கோடு பிரிக்காத வழக்கங்கள் இருபுறமும் தொடர்ந்தன. அவற்றுள் ஒன்று பாம்புக்காவு: மனையின் தென்மேற்கு மூலையில் கோடரி படாமல் விடப்பட்ட சிறு தோப்பு, உள்ளே நாகர் சிலை, அந்தியில் ஓர் எண்ணெய் விளக்கு. பத்தொன்பதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் திருவிதாங்கூரை அளந்த வார்டும் கானரும் ஏறத்தாழ 15,000 காவுகளைக் கணக்கிட்டதாக ஆய்வாளர்கள் எடுத்துக்காட்டுவர்.

காவைப் பற்றி இங்கே பேசக் காரணம், வளர்ப்பு மலைப்பாம்பு குறித்து மாணவர்கள் அண்மைக்காலமாக எழுப்பும் ஒரு கேள்வி. பொந்தில் வாழும் பாம்புக்கு விளக்கு எதற்கு என்கின்றனர் ஒரு சாரார். நாள் முழுதும் விளக்கெரிய வேண்டும் என்கின்றனர் மறுசாரார். கேள்விக்குரிய உயிரி மேற்காப்பிரிக்காவின் பந்து மலைப்பாம்பு. அஞ்சினால் தலையை உள்ளே வைத்துப் பந்தாகச் சுருண்டுகொள்வதால் அப்பெயர். (ஆங்கிலப் பெயரை நம் எழுத்தில் 'பால்' என்றெழுதினால், நாகருக்கு நூறும் பாலும் படைக்கும் நாட்டில் வேறு பொருள் வந்துவிடுகிறது. பாம்பு பால் குடிப்பதில்லை என்பதையும் சொல்லிவைக்கிறேன்.)

இதே பாம்பைத் தெய்வமாகக் கொண்ட ஊர் ஒன்று உண்டு. பெனின் நாட்டின் உய்தா நகரில் வோடுன் சமயத்தாரின் மலைப்பாம்புக் கோயில் இருக்கிறது. அங்குள்ளவை பந்து மலைப்பாம்புகளே. அவற்றை இரவில் இரை தேட வெளியே விடுவது அங்குள்ள வழக்கம். வீட்டுக்குள் நுழைந்த பாம்பை மக்கள் மரியாதையோடு கோயிலில் சேர்க்கின்றனர். பகலில் நிழல், இரவில் இருள், இடையே நடமாட்டம் என்னும் ஒழுங்கு அங்கே குலையவில்லை. காவிலும் அவ்வாறே: அடர்நிழலும் பொந்தும் உண்டு, ஓரத்தில் வெயில் திட்டும் உண்டு, எங்கே கிடப்பது என்பதைப் பாம்பே தீர்மானித்தது. இதை முன்னோரின் விலங்கியல் அறிவு என்று போற்ற நான் துணியமாட்டேன். காவு விளக்கு மனிதரின் வழிபாட்டுக்கு உரியது. எண்ணெய் தீர்ந்ததும் அணைந்தது, அவ்வளவே.

கண்ணாடிக்குள் அடைத்தபோதுதான் வெளிச்சம் ஒரு சிக்கலாயிற்று. 1849இல் லண்டன் விலங்குக் காட்சிச்சாலை ஊர்வனவற்றுக்கென்றே தனிக்கூடம் திறந்தது. திருவனந்தபுரம் விலங்குக் காட்சிச்சாலை 1859இல் தோன்றியது. அங்குள்ள அருங்காட்சியகத்தில் பணியாற்றிய ஹெரால்டு பெர்குசன் 1895இல் திருவிதாங்கூர்ப் பாம்புகளின் பட்டியலை வெளியிட்டார். லண்டனில் 1927இல் ஜோன் பிராக்டர் வடிவமைத்த புதிய கூடமே திருப்புமுனை. பார்வையாளர் நிற்கும் இடத்தை இருட்டாக்கி, கூண்டுகளை மட்டும் ஒளியூட்டினார் அவர். அது மனிதக் கண்ணுக்கான ஏற்பாடு. ஆனால் சாதாரணக் கண்ணாடி புற ஊதாக் கதிரைத் தடுக்கும் என்பதால், அக்கதிரை உள்ளே விடும் சிறப்புக் கண்ணாடியையும் பொருத்தினார். ஒரே கட்டடத்துள் இருவேறு நோக்கங்கள்; இன்றைய குழப்பத்தின் வேர் அதுவே என்பது என் கருத்து.

பிற்கால வணிகம் மலிவான வழியை நாடியது. அடுக்கடுக்கான இழுப்பறைகளில் பாம்புகள் வெளிச்சமின்றி வளர்ந்தன. வீடுகளில், பாம்புக்குச் சிவப்பு தெரியாது என்று சொல்லி இரவு முழுதும் சிவப்புக் குமிழ் எரிந்தது. 1999இல் சில்மன் குழுவினர் இப்பாம்பின் விழித்திரையை ஆராய்ந்தனர். குச்சிச் செல்களின் உச்ச உணர்திறன் 494 நானோமீட்டரிலும், கூம்புச் செல்களில் ஒருவகையினது 551இலும் மற்றொரு வகையினது 360இலும் இருந்தன. 551இல் உச்சம் கொள்ளும் செல் செவ்வொளியை அறவே உணராது எனக் கொள்வதற்கில்லை. 360 என்பதோ நம் கண்ணுக்கு எட்டாத புற ஊதாப் பகுதி. குருடு என்று கருதப்பட்ட இடத்தில் நம்மினும் விரிந்த பார்வை!

ஆனால் காணும் ஒளி வேறு, உடலுக்குத் தேவையான ஒளி வேறு. 2013இல் ஹெட்லியும் ஈட்வெல்லும் செய்த ஆய்வில், புற ஊதா விளக்கால் இப்பாம்பின் வைட்டமின் டி அளவில் குறிப்பிடத்தக்க மாற்றம் தென்படவில்லை. முழு எலியை விழுங்கும் உயிரிக்கு இரையிலிருந்தே அச்சத்து கிடைக்கிறது. கேரி பெர்குசன் (திருவனந்தபுரத்துப் பெர்குசன் அல்லர்) 2010இல் முன்வைத்த வகைப்பாட்டில், நிழலிலும் அந்தியிலும் வாழும் ஊர்வன சராசரிப் புற ஊதாக் குறியீடு 0.7க்கு உட்பட்ட முதல் வகையில் அடங்கும். ஆகவே மென்மையான புற ஊதா விளக்கு வைக்கலாம், கட்டாயமில்லை. மறைவிடம் மட்டும் கட்டாயம். நிறமியிழந்த வெளிர்நிறப் பாம்புகளுக்கு மங்கலே நலம்.

கட்டாயமான இன்னொன்று பகலிரவு. உய்தா நிலநடுக்கோட்டிலிருந்து வடக்கே ஆறரைப் பாகையளவில் உள்ளது; காரோடு எட்டேகால் பாகையளவில். நெடும்பகலுக்கும் குறும்பகலுக்கும் இடையே இங்கே ஒரு மணி நேர வேறுபாடுகூட இல்லை. சன்னல் வழி வரும் பகல்வெளிச்சமே இப்பாம்பின் தாயகக் கடிகாரத்தை ஒத்தது. நேர்வெயில் மட்டும் பெட்டியில் விழலாகாது. சூடேறிய கண்ணாடிக்குள் பாம்பு மாண்டுபோகும். இரவில் எந்நிற விளக்கும் வேண்டா. குளிர்ந்தால் ஒளிராத வெப்பமூட்டியும் வெப்பக் கட்டுப்படுத்தியும் போதும்.

2023 சனவரியில் சென்னை விமான நிலையத்தில், பாங்காக்கிலிருந்து வந்த உரிமை கோரப்படாத பைகளில் 45 பந்து மலைப்பாம்புகள் கிடைத்தன. 2022ஆம் ஆண்டுத் திருத்தச் சட்டத்தின் வழியே 2024இல் வந்த விதிகள், இத்தகைய அயல்நாட்டு உயிரிகளை வைத்திருப்போர் பதிவு செய்தாக வேண்டும் என்கின்றன. நம் நாட்டு மலைப்பாம்போ வனவுயிர்ச் சட்டத்தின் முதல் அட்டவணையில் உள்ளது; எல்லைக்கு எப்புறமாயினும் அதை வீட்டில் வைக்க இயலாது. காவில் கண்டால் வனத்துறைக்குத் தெரிவிக்கலாம், அல்லது அதன் போக்கில் விட்டுவிடலாம்.