ஜேனட் ரௌலி

ஜேனட் ரௌலி (1925–2013) இரத்தப் புற்றுநோய்க்குக் குரோமோசோம் மாற்றமே காரணமாகலாம் என்று நிறுவிய அமெரிக்க மருத்துவர். சிகாகோ பல்கலைக்கழகத்தில் 1948-இல் பட்டம் பெற்றவர். பின்னர் அங்கேயே ஆய்வு செய்தார்.

நாட்பட்ட மைலாய்டு லுகேமியா என்னும் இரத்தப் புற்றுநோய் கொண்டவர்களின் உயிரணுக்களில், இயல்பைவிடச் சிறிய குரோமோசோம் ஒன்று இருப்பதை 1960-இல் பிலடெல்பியா ஆய்வாளர்கள் கண்டிருந்தனர். குறைந்த பகுதி அழிந்துபோனதாகவே கருதப்பட்டது. குரோமோசோம்களைச் சாயமேற்றிப் பட்டைகளாகப் பிரித்துக் காட்டும் புதிய முறையை ரௌலி ஆக்ஸ்போர்டில் அறிந்துவந்தார். நுண்ணோக்கிப் படங்களை வெட்டி, வீட்டுச் சாப்பாட்டு மேசையில் பரப்பி ஒப்பிட்டார். நான்கு மகன்களை வளர்த்துக்கொண்டே செய்த உழைப்பு இது. அதன் பயனோ மிகப் பெரிது. 22-ஆம் குரோமோசோமில் குறைந்த துண்டு 9-ஆம் குரோமோசோமில் ஒட்டியிருந்தது. 1973-இல் இதை வெளியிட்டார். முந்தைய ஆண்டே வேறொரு லுகேமியாவில் 8, 21 ஆகியவற்றுக்கிடையே இத்தகைய இடமாற்றத்தைக் கண்டிருந்தார்.

இம்மாற்றங்கள் நோயின் விளைவுதான் என்று பலர் நம்பியதால் அவர் கருத்து உடனே ஏற்கப்படவில்லை. துண்டுகள் சேருமிடத்தில் உருவாகும் பிசிஆர்-ஏபிஎல் என்னும் இணைமரபணு 1980களில் அறியப்பட்டபின் ஐயம் நீங்கியது. அம்மரபணு உண்டாக்கும் புரதத்தைத் தடுக்கும் இமாட்டினிப் மாத்திரை 2001-இல் அமெரிக்காவில் ஒப்புதல் பெற்றது. ரௌலிக்கு 1998-இல் லாஸ்கர் விருது வழங்கப்பட்டது.