நானோ துணிகள்

1 முதல் 100 நானோமீட்டர் வரை அளவுள்ள துகள்களையோ இழைகளையோ கொண்டு தன்மை மாற்றப்பட்ட துணிகள் நானோ துணிகள் எனப்படும். நீர் ஒட்டாமை, கறை படியாமை, கிருமித் தடுப்பு, புற ஊதாக் கதிர்த் தடுப்பு, மின்கடத்தல் முதலியவை இவ்வாறு கூட்டப்படும் தன்மைகள். துகள் மிக நுண்ணியதாதலால் துணியின் மென்மையும் காற்றோட்டமும் அதிகம் கெடுவதில்லை. பழைய ரப்பர், மெழுகுப் பூச்சுகள் தோற்ற இடம் அதுதான்.

நானோ என்ற சொல் புழங்குவதற்கு முன்பே இம்முயற்சி தொடங்கிவிட்டது. கரைசலை மின்புலத்தால் இழுத்து இழையாக்கும் முறைக்கு அன்டன் ஃபார்ம்ஹால்ஸ் 1934இல் அமெரிக்கக் காப்புரிமை பெற்றார். 1938இல் சோவியத் ஒன்றியத்தில் ரோசன்புளூம், பெத்ரியானோவ்-சொக்கலோவ் ஆகியோர் அம்முறையில் நுண்ணிழை வடிகட்டிகளைச் செய்தனர். நச்சுவாயு முகமூடிகளில் அவை பயன்பட்டன. ஆடைக்கு இவை வர நெடுங்காலமாயிற்று.

தாமரை இலையில் தண்ணீர் ஏன் ஒட்டுவதில்லை என்பதை பான் பல்கலைக்கழகத்தின் வில்ஹெல்ம் பார்த்லாட்டும் நைன்ஹுயிசும் 1997இல் விளக்கினர். இலைமேல் உள்ள நுண்மேடுகளும் மெழுகுப் படிகங்களும் நீர்த்துளியைத் தாங்கி நிற்க, துளி உருளும்போது அழுக்கையும் அள்ளிச் செல்கிறது. மறு ஆண்டு டேவிட் சோன் அமெரிக்காவில் தொடங்கிய நானோ-டெக்ஸ், பருத்தி இழைமேல் நீரொதுக்கும் நுண்முடிகளைப் பிணைத்துக் கறை படியாத கால்சட்டைத் துணியைச் சந்தைக்குக் கொண்டுவந்தது. பொதுமக்கள் கையில் கிடைத்த முதல் நானோ துணிகளுள் இதுவும் ஒன்று.

2004இல் ஹாங்காங் பாலிடெக்னிக் பல்கலைக்கழகத்தில் டவுட்டும் சின்னும் டைட்டானியம் டை ஆக்சைடு படிகங்களைப் பருத்தி தாங்கும் குறைந்த வெப்பத்திலேயே துணிமேல் வளர்த்தனர். ஒளி பட்டால் இப்பூச்சு கறையைச் சிதைக்கும். இலங்கையில் அரசும் பிராண்டிக்ஸ், எம்.ஏ.எஸ். ஆகிய ஆடைத் தயாரிப்பாளர்கள் உள்ளிட்ட நிறுவனங்களும் இணைந்து 2008இல் ஸ்லின்டெக் என்னும் நானோ நுட்ப நிறுவனத்தை அமைத்தன.

விளம்பரம் அதிகம் கண்டது நானோ வெள்ளிதான், கேள்விக்குள்ளானதும் அதுவே. வெள்ளி அயனி பாக்டீரியாவைக் கொல்வதால் வியர்வை நாற்றம் குறைகிறது. ஆனால் 2008இல் அரிசோனா மாநிலப் பல்கலைக்கழகத்தின் பென்னும் வெஸ்டர்ஹாஃபும் கடையில் வாங்கிய காலுறைகளை அலசிப் பார்த்தபோது, சிலவற்றின் வெள்ளி சில அலசல்களிலேயே ஏறக்குறைய முழுவதும் நீரோடு போயிற்று. வேறு சிலவற்றில் அவ்வளவு இழப்பு இல்லை. வேறுபாட்டுக்குக் காரணம் தயாரிப்பு முறையாக இருக்கலாம். துகள் கலந்த கரைசலில் துணியை முக்கி, உருளைகளுக்கிடையே பிழிந்து, சூட்டில் பதமாக்குவது மலிவு. பிணைப்பு சரியில்லையென்றால் சலவையில் உதிரும். நூற்பதற்கு முன்பே உருகிய பாலிமரில் துகளைக் கலந்தால் அது இழைக்குள்ளேயே தங்கும். பருத்திக்கு அந்த வழி இல்லை. ஆகவே எத்தனை சலவைக்குத் தாங்கும் என்று சொல்லாத நானோ முத்திரையை நம்புவதற்கில்லை.

உதிரும் வெள்ளி கழிவுநீரில் கலந்து பயனுள்ள நுண்ணுயிரிகளையும் பாதிக்கலாம் என்ற அச்சமும் எழுந்தது. ஐரோப்பிய ஒன்றியத்தின் 2012ஆம் ஆண்டு உயிர்க்கொல்லி விதிப்படி, கிருமித் தடுப்புக்காக நானோபொருள் சேர்த்த துணி என்று விற்கும்போது, விதி கோரும் இடங்களில் அந்த நானோபொருளின் பெயரையடுத்து ‘நானோ’ என்று சீட்டில் அச்சிட வேண்டும்.