வில்லும் பாரமும்

வண்டிகளுக்குப் பெயரிடுமிடத்துத் தமிழர் பெரும்பாலும் அவற்றை இழுக்கும் விலங்கையோ, அவை சுமக்கும் பொருளையோ கருதினர். மாட்டுவண்டி, குதிரைவண்டி, பாரவண்டி என்பன அவ்வாறு வந்த பெயர்கள். ஒரு வண்டி மாத்திரம், ஏறியிருப்போர் கண்ணுக்குத் தெரியாமல் அடியிலே மறைந்து கிடக்கும் ஓர் உறுப்பினாற் பெயர் பெற்றது. அதுவே வில்வண்டி. ஒன்றின்மேலொன்றாக அடுக்கப்பெற்று, நடுவிலே ஆணியினால் இறுக்கப்பெற்ற உருக்குப் பட்டைகள் சில, வில்லைப்போல் வளைந்து அச்சின்மேல் அமர்ந்திருந்தன. அவை இருந்தமையால் அது வில்வண்டி. அவை இல்லாதது வெறும் கட்டைவண்டி. பாதையின் மேடுபள்ளம் கட்டைவண்டியில் இருப்பவரின் முதுகெலும்பிற்கு நேரே சென்றது. வில்வண்டியிலோ பட்டைகளோடு நின்றது.

ஆகவே வில்வண்டியில் ஏறுவதென்பது வசதி மட்டுமன்று. அந்தஸ்தின் அடையாளமும் ஆயிற்று. இதனை நன்குணர்ந்தவர் திருவிதாங்கூரைச் சேர்ந்த ஐயன்காளி. திருவனந்தபுரத்துக்கு அண்மையிலுள்ள வெங்ஙானூரிலே 1863ஆம் ஆண்டு பிறந்த அவர், பொதுத் தெருக்களில் நடக்கவும் தடைசெய்யப்பட்டிருந்த புலையர் குலத்தவர். 1893ஆம் ஆண்டு அவர் வில்வண்டி ஒன்றை விலைக்கு வாங்கி, அத்தெருக்களிலே துணிந்து ஓட்டிச் சென்றார். எதிர்ப்பு எழுந்தது, அவர் திரும்பவில்லை. அந்நிகழ்ச்சி கேரள வரலாற்றிலே இன்றும் வில்வண்டிப் பயணம் என்றே வழங்கப்படுகின்றது. ஒரு தெருவிற்குரிய உரிமைப்போர், வண்டியின் அடிப்பட்டையின் பெயராற் குறிக்கப்படுவது வரலாற்றிலே வேறெங்கும் காண்டற்கரிது.

இப்பட்டைகளின் பிறப்பிடத்தை நாடிச் சென்றால், அங்கும் செல்வரின் வசதியே முன்னிற்கக் காணலாம். ஐரோப்பாவிலே பழைய காலத்துப் பயண வண்டிகளின் கூண்டு, தடித்த தோல்வார்களிலே தூக்கிக் கட்டப்பட்டிருந்தது. அது குலுக்கலை ஓரளவு குறைத்தது. ஆனால் கப்பலைப்போல் ஆடிற்று. பதினேழாம் நூற்றாண்டிலே உருக்கு விற்களைப் பூட்டிப் பார்க்கும் முயற்சிகள் தொடங்கின. இலண்டன் வேத்தியற் கழகத்தார் 1665ஆம் ஆண்டிலே விற்கள் பூட்டிய வண்டிகளை ஓட்டிப் பரிசோதித்தமையையும், தாமும் அவற்றில் ஏறிப் பார்த்தமையையும் சாமுவேல் பீப்ஸ் தம் நாட்குறிப்பிலே எழுதி வைத்தார். அதே கழகத்தைச் சேர்ந்த ரொபட் ஹூக் என்பாரே வில்லின் விதியைக் கண்டவர். ஒரு வில் எவ்வளவு நெகிழ்கின்றதோ அவ்வளவிற்கு அது எதிர்த்துத் தள்ளும் என்பதே அவ்விதி. பிறர் முந்திக்கொள்வர் என்ற அச்சத்தால் 1676இலே அதனை எழுத்துக்களை மாற்றியடுக்கிய புதிராக வெளியிட்டு, இரண்டாண்டு கழித்தே அதனை அவிழ்த்துக் காட்டினார். அறிஞர்களின் அழுக்காறும் சிலவேளைகளில் நமக்குத் திட்டவட்டமான ஆண்டுகளைத் தந்துவிடுகின்றது.

விதி தெரிந்தும் நல்ல உருக்கு இல்லை. அந்நாளைய உருக்கு ஓரிடத்தில் வன்மையாகவும் மற்றோரிடத்தில் மென்மையாகவும் இருந்தது. மணிக்கூட்டு விற்களுக்கு ஏற்ற உருக்கைத் தேடிய பெஞ்சமின் ஹன்ஸ்மன் என்னும் மணிக்கூட்டுத் தொழிலாளி, 1740ஆம் ஆண்டுகளிலே ஷெபீல்ட் நகரப் பகுதியில், மண்மூசைகளில் உருக்கை உருக்கி ஒருசீராக்கும் முறையைக் கண்டார். அதன்பின் அறுபதாண்டு சென்று, 1804ஆம் ஆண்டிலே, ஒபதையா எலியட் என்ற இலண்டன் வண்டித் தச்சர் இரண்டு பட்டையடுக்குகளை எதிரெதிரே சேர்த்து, நீள்வட்ட வடிவான வில்லை அமைத்து உரிமை பெற்றார். வண்டியின் கூண்டு அவ்விற்களின் மீதே நேராக அமர்ந்தது. முன்னச்சையும் பின்னச்சையும் இணைத்துக் கிடந்த பாரமான மரத்தண்டு வேண்டாததாயிற்று. வண்டி இலேசாயிற்று, தாழ்ந்தது, விலையும் இறங்கிற்று. எலியட்டின் வில்லிற் பாதியே பின்னாளில் மோட்டார் வண்டிகளின் அடியிலே நிலைபெற்ற அரைநீள்வட்ட வில்.

ஒரே தடித்த உருக்குத்துண்டை வளைத்து வைத்தாற் போதாதோ, ஏன் பல பட்டைகள் என்ற கேள்வி எழுதல் இயல்பு. இங்கேதான் வில்லின் நுட்பம் முழுவதும் இருக்கின்றது. ஒரே அளவுள்ள இரண்டு பட்டைகளை ஒட்டாமல் அடுக்கினால், அவை ஒன்றின்மேலொன்று வழுக்கிக்கொள்ளும். அவற்றின் விறைப்பு இருமடங்காகும். அதே இரு பட்டைகளின் தடிப்பையும் ஒரே துண்டாக வார்த்தால் விறைப்பு எண்மடங்காகும். ஆனால் அத்துண்டு சிறிதளவே வளைந்து, அதற்குமேல் முறிந்துவிடும். மெல்லிய பட்டைகள் பல சேர்ந்தால் வன்மையும் கிடைக்கும், வளைவும் கிடைக்கும். கீழே செல்லச் செல்லப் பட்டைகள் குறுகுவதற்கும் காரணம் உண்டு. பாரத்தின் முறுக்கு நடுவிலே மிகுதி, முனைகளிலே குறைவு. எனவே நடுவிலே பட்டைகள் பலவும், முனையிலே ஒன்றும் போதும். கைதேர்ந்த கொல்லன் இன்னுமொன்று செய்வான். கீழ்ப்பட்டை ஒவ்வொன்றையும் அதன் மேற்பட்டையிலும் சற்று அதிகமாக வளைத்து வைப்பான். நடு ஆணியை இறுக்கும்போது அவை ஒன்றையொன்று கவ்விக்கொள்ளும். இரு முனையிலும் கண்கள் சுருட்டப்பெற்று வண்டி முழுவதையும் தாங்கும் முதற்பட்டையின் துன்பம் அதனாற் குறையும்.

கொல்லர் கைப்பழக்கத்தால் அறிந்த இதனைக் கணிதமாக்கியவர் எட்வர்ட் பிலிப்ஸ் என்ற பிரெஞ்சுப் பொறியியலாளர். புகையிரத வண்டிகளின் உருக்கு விற்களைப்பற்றி அவர் எழுதிய ஆய்வு 1852ஆம் ஆண்டு வெளிவந்தது. புகையிரதங்களே பட்டைவில்லைச் செல்வரின் வசதிப்பொருள் என்ற நிலையிலிருந்து பாரந்தாங்கி என்ற நிலைக்குக் கொணர்ந்தன.

மோட்டார் யுகம் பிறந்தபொழுது அப்பாரந்தாங்கி சாமானிய மனிதன் கைக்கு வந்தது. ஹென்றி ஃபோர்ட் 1908ஆம் ஆண்டிலே வெளியிட்ட 'டி' மாதிரி மோட்டாருக்கு விற்கள் இரண்டே. முன்னச்சுக்கு மேலே குறுக்காக ஒன்று, பின்னச்சுக்கு மேலே குறுக்காக மற்றொன்று. அமெரிக்காவின் நாட்டுப்புறப் பாதைகளின் குழிகளுக்கு அவ்வமைப்பு நன்கு வளைந்துகொடுத்தது. அது மனிதரைச் சுமக்கச் செய்யப்பட்டது. ஆனால் அதனை வாங்கிய கமக்காரர் அதனை அவ்வாறு நோக்கவில்லை. பின்னாசனத்தைக் கழற்றி எறிந்தார். அவ்விடத்தில் மரப்பெட்டியொன்றை ஆணியடித்துப் பூட்டினார். பாற்குடங்களையும் தானிய மூடைகளையும் ஏற்றினார். வண்டி பின்புறம் தாழ்ந்தது, முன்புறம் எழுந்தது. வில்லுக்குப் பட்டை சேர்க்கும் வேலை ஊர்க்கொல்லனின் உலையிலும் கமத்துக் கொட்டிலிலும் நடைபெற்றது. பிக்கப் என்று உலகம் இன்று அழைக்கும் வண்டியின் உண்மையான பிறப்பு இக்கொட்டில்களிலேதான் நிகழ்ந்தது என்பது மிகையாகாது.

வியாபாரிகள் இதனைக் கவனியாதிருப்பாரோ? சிக்காகோவில் இயங்கிய ஸ்மித் ஃபோர்ம்-ஏ-ட்ரக் கம்பனி, 'டி' மாதிரி மோட்டாரை ஒரு தொன் லொறியாக நீட்டி வலுப்படுத்தும் உறுப்புத் தொகுதியொன்றை விற்றது. ஃபோர்ட் கம்பனியும் 1917ஆம் ஆண்டிலே, நீண்ட சட்டகமும் வலிய பின்னச்சுங் கொண்ட 'டிடி' என்னும் ஒரு தொன் வண்டியை வெளியிட்டது. ஈற்றில் 1925ஆம் ஆண்டு, கமக்காரர் தாமே செய்துகொண்டிருந்ததைத் தொழிற்சாலையே செய்து கொடுத்தது. 56 அங்குல நீளமும் 13 அங்குல ஆழமுமுள்ள உருக்குப்பெட்டி, திறந்து மூடும் பின்கதவு, வலுவூட்டிய பின்வில் ஆகியவற்றோடு அவ்வண்டியின் விலை 281 டொலர். வலுவூட்டிய பின்வில் என்பது அன்று விற்பனைக்குரிய சிறப்பாகவே கூறப்பட்டது. பெட்டியை எவரும் செய்யலாம். அதனைத் தாங்கும் வில்லைச் செய்வதே அரிது என்பது வாங்குவோர்க்குத் தெரிந்திருந்தது.

ஆயினும் தொழிற்சாலை வில்லோடு மனநிறைவடைந்த பிக்கப் சொந்தக்காரர் எக்காலத்திலும் குறைவே. வண்டி வெறுமையாக ஓடும் நாளுக்கும், நிறைந்து ஓடும் நாளுக்கும் ஒரே வில் பொருந்தவேண்டியிருப்பதே அதற்குக் காரணம். பல ஆண்டு பாரஞ்சுமந்த பட்டை தன் வளைவையும் இழக்கின்றது. ஆகவே வீட்டு முற்றத்திலே வில்லுக்கு வலுவூட்டும் வழக்கம் கமக்காரர் கொட்டிலோடு நின்றுவிடவில்லை. பிக்கப் ஓடும் நாடெங்கும் அஃது இன்றுமுள்ளது. அதற்கு வழிகள் மூன்று. இருக்கும் அடுக்கிலே புதிய பட்டையொன்றைச் செருகுவது ஒன்று. அடுக்கு முழுவதையும் மாற்றுவது மற்றொன்று. பாரம் ஏறியபின்னரே தொட்டு வேலைசெய்யும் துணைவில்லை மேலே பூட்டுவது மூன்றாவது. வெறுமையில் வண்டியை முரடாக்காமை துணைவில்லின் நன்மை. இம்மூன்றிலும் அதுவே அறிவார்ந்த வழி எனலாம்.

வேலை பார்வைக்கு எளியது. சட்டகத்தை உறுதியான தாங்கிகளிலே நிறுத்தி, அச்சைத் தனியே தாங்கிக்கொண்டு, அச்சையும் வில்லையும் பிணைக்கும் யூ வடிவப் போல்ட்டுகளைக் கழற்றவேண்டும். அதன்பின் நடு ஆணி. அதிலேதான் ஆபத்து ஒளிந்திருக்கின்றது. மேலே கூறிய கவ்வலினால் அடுக்கு முழுவதும் நாணேற்றிய வில்லாகவே நிற்கின்றது. இருபுறமும் கவ்விகளால் இறுக்காமல் நடு ஆணியைக் கழற்றுபவன் கைக்கோ முகத்துக்கோ அப்பட்டை பாயும். யூ போல்ட்டுகள் ஒருமுறை இறுக்கப்பட்டவுடன் நீண்டுவிடுவன; ஆதலின் பழையவற்றை மீண்டும் பூட்டாமற் புதியவற்றையே பூட்டுவர். சில நூறு கிலோமீற்றர் ஓடியபின் மீண்டும் இறுக்குவர். அவை தளர்ந்தால் நடு ஆணி அறும். ஆணி அறுந்தால் பின்னச்சு இடம்விட்டு நகரும். வெடித்த பட்டையை ஒட்டவைத்து ஓட்டுவோரும் உளர். பற்றவைக்கும் தீ பட்ட இடத்திலே உருக்கின் பதம் கெடுகின்றது. அவ்விடத்திலேயே பட்டை மறுபடி முறியும்.

பட்டையின் தடிப்பைப்பற்றியும் பலர் ஏமாறுவர். அகலமும் நீளமும் ஒன்றாயிருக்க, 6 மில்லிமீற்றர் பட்டைக்குப் பதில் 8 மில்லிமீற்றர் பட்டையை இட்டால் விறைப்பு மூன்றிலொரு பங்கு கூடும் என்று கணிப்பர். தடிப்பின் மும்மடிப் பெருக்கத்திலே விறைப்பு கூடுவதால், உண்மையில் அஃது 2.4 மடங்கை அண்மிக்கும். வெறும் வண்டி கல்லிலே துள்ளும். துள்ளும் சில்லு பாதையைப் பற்றாது.

இன்னொன்று கண்ணுக்கே தெரியாதது. பல பிக்கப் வண்டிகளில், பின்சில்லுகளுக்குச் செல்லும் பிரேக் அழுத்தத்தைப் பாரத்திற்கேற்ப அளக்கும் தடுக்கிதழ் ஒன்று சட்டகத்திலே பூட்டப்பட்டு, ஒரு கம்பியினால் அச்சோடு இணைக்கப்பட்டிருக்கும். பாரம் ஏறிச் சட்டகம் தாழ்ந்தால், அது பின்பிரேக்கிற்கு அதிக அழுத்தத்தை விடும். வலுவூட்டிய வில்லோ சட்டகத்தைத் தாழவிடுவதில்லை. வண்டி வெறுமையாக இருக்கின்றதென்றே அவ்விதழ் கருதிக்கொள்ளும். முழுப்பாரத்தோடு மலையிறங்கும் வண்டியின் பின்பிரேக் அரைகுறையாகவே பிடிக்கும். கம்பியின் அளவைத் திருத்தினால் இது சரியாகும். ஆனால் வில்லை மாற்றிய கையே அதனை மறந்துவிடுகின்றது. வண்டி தாழாமல் நிற்பதைக் கண்டு மேலும் பாரமேற்றுவதும் இயல்பு. வில் வலுத்தமையால் அச்சோ, அதன் போளைகளோ, டயரோ, சட்டகமோ வலுத்துவிடவில்லை. தாழ்ந்து நின்ற பழைய வில் தந்த எச்சரிக்கையை மாத்திரம் புதிய வில் வாயடைத்துவிட்டது.

பட்டையின் ஆயுளைப் பெருக்கியவை பிற்காலத்து ஆய்வுகள். பாரம் ஏறும்பொழுது பட்டையின் மேன்முகம் இழுபடுகின்றது. வெடிப்பு அங்கேயே தொடங்கும். ஜெனரல் மோட்டர்ஸ் கம்பனியின் ஆய்வாளர் ஜோன் ஆல்மன், சிறு உருக்குக் குண்டுகளை மேற்பரப்பிலே வேகமாக வீசியடித்து அதனை இறுக்கமாக்கினால் வெடிப்புத் தோன்றுவது பெரிதும் தாமதமாகும் என்பதைத் தெளிவாக்கினார். இன்று நல்ல பட்டைகள் யாவும் அவ்வடி வாங்கியே வருகின்றன.

சுருள்வில் பட்டைவில்லை விரட்டிவிடும் என்று எதிர்பார்த்தோர் பலர். கார்களில் அஃது அவ்வாறே நிகழ்ந்தது. ஷெவ்ரொலே தன் இலேசான பிக்கப் வண்டிகளுக்கும் 1960ஆம் ஆண்டிலே பின்புறத்திற் சுருள்வில் பூட்டிற்று. 1973ஆம் ஆண்டு மாதிரியிலே பட்டைக்கே திரும்பிற்று. டொயோட்டா ஹைலக்ஸ் 1968ஆம் ஆண்டு முதலாகப் பின்புறத்திற் பட்டைவில்லோடு பல நாடுகளில் ஓடுகின்றது. பாரத்தைத் தாங்குவதும், அச்சை அதன் இடத்திலே பிடித்து வைப்பதும், பட்டைகளின் உராய்வினாலே ஆட்டத்தைத் தணிப்பதும் ஆகிய மூன்று தொழிலையும் ஒரே உறுப்பு செய்யும்போது, அதனை விடுவதற்கு மனம் வருவதில்லை.

வீட்டு முற்றத்திலே கழற்றிப் போட்ட பழம்பட்டையும் வீணாவதில்லை. நேபாளத்திலே குக்ரி கத்திகள் அடிப்போர் லொறிப் பட்டைகளையே தேடி வாங்குவர். எங்கள் ஊர்க் கொல்லர்களும் அதனைத் துண்டாடி, உலையிலிட்டுப் பழுக்கக் காய்ச்சி, கத்தியாகவும் கோடரியாகவும் அடித்துக் கொடுப்பர்.