எட்டு எள்ளும் ஒரு நெல்லும்

அணுவை முதலில் கண்டவன் தமிழன், அதன் அளவையும் அன்றே சொன்னவன் தமிழன் என்று மேடையிலே முழக்கம் எழும்போது, கையொலி வானைப் பிளக்கிறது. நம் நெஞ்சும் நிமிரத்தான் செய்கிறது. ஆனால், தோழர்களே, பகுத்தறிவாளர் என்று பெயர் பூண்ட நாம், கை தட்டுமுன் கணக்கைப் பார்க்கவேண்டாமா?

சான்றாகக் காட்டப்படுவது பழைய நீட்டலளவை வாய்பாடு. எட்டு அணு ஒரு தேர்த்துகள். எட்டுத் தேர்த்துகள் ஒரு பஞ்சிழை. எட்டுப் பஞ்சிழை ஒரு மயிர். எட்டு மயிர் ஒரு நுண்மணல். எட்டு நுண்மணல் ஒரு சிறுகடுகு. எட்டுச் சிறுகடுகு ஓர் எள். எட்டு எள் ஒரு நெல். எட்டு நெல் ஒரு விரல். பெருக்கிப் பார்த்தால், விரலகலத்தை 1,67,77,216 கூறாக்கி எடுத்த ஒரு கூறு அணு. அதாவது மில்லிமீட்டரில் ஏறத்தாழப் பத்து லட்சத்தில் ஒரு பங்கு. அறிவியல் கண்ட அணு இதனினும் பத்து மடங்கு சிறியது, அவ்வளவே வேறுபாடு. வியப்புத்தான்!

பொன்னமராவதியிலே ஆசிரியப் பணியாற்றும் நாம், இந்த வியப்பை மாணவர்முன் சோதனைக்கு வைத்தோம். எட்டு நெல்லை அகலவாக்கில் அடுக்கினோம். ஏறக்குறைய ஒரு விரலகலம் வந்தது. முன்னோர் சொல் பொய்க்கவில்லை என மகிழ்ந்தோம். அடுத்து எட்டு எள்ளை அடுக்கினோம். ஒரு நெல்லின் அகலத்துள் அடங்கவேண்டிய அவை, விரலகலத்தில் முக்கால் பங்கை அடைத்துக்கொண்டன! வாய்பாடு இரண்டாம் படியிலேயே சறுக்கிவிட்டது.

மயிரைப் பாருங்கள். வாய்பாட்டின்படி அது விரலகலத்தில் 32,768-இல் ஒரு பங்கு. நம் தலைமயிரோ அதனினும் ஏறத்தாழ நூறு மடங்கு பருமனானது. கண்ணுக்குத் தெரியும் மயிரிலே நூறு மடங்கு தவறிய கணக்கு, கண்ணுக்குத் தெரியாத அணுவை மட்டும் அளந்துவிட்டது என்பது எந்த ஊர் நியாயம்?

நடந்தது வேறு. நெல்வரை கண் அளந்தது; அதற்குக் கீழே எட்டு என்ற எண் மட்டும் தனியே ஓடியது. அர்த்தசாஸ்திரத்திலும் பரமாணுவும் தேர்த்துகளும் இப்படியே எட்டெட்டாக வருகின்றன. பல மொழிகளில் பயின்ற மரபு அது. ஆய்ந்து கண்ட முடிவன்று.

அணுவை எண்ணியறிந்த வரலாறு எத்தகையது? நீரில் மிதக்கும் நுண்துகள்களின் ஓயாத அசைவுக்கு 1905-இல் ஐன்ஸ்டைன் கணக்கு வகுத்தார். 1908 முதல் பிரான்சிலே பெரென் நுண்ணோக்கியின்கீழ்த் துகள்களை எண்ணி எண்ணி அக்கணக்கைச் சோதித்தார். 1926-இல் நோபல் பரிசு பெற்றார். தவறினால் தவறு என்று ஒப்புக்கொள்ளும் துணிவோடு செய்த சோதனை அது.

அப்படியானால் நமக்குப் பெருமையே இல்லையா? உண்டு, தோழர்களே, நிறைய உண்டு! காலுக்கும் அரைக்காலுக்கும் கீழே மாகாணி 1/16, மா 1/20, காணி 1/80, முந்திரி 1/320 என்று பின்னத்துக்கெல்லாம் தனிப்பெயர் வைத்துப் புழங்கிய மொழி நம் மொழி. அது ஏட்டோடு நின்றதா? நம் பொன்னமராவதி அடங்கியிருந்த புதுக்கோட்டைச் சமஸ்தானம் 1948-இல் இந்தியாவோடு இணையும்வரை, அங்கே அம்மன் காசு வழங்கியது. 20 காசு ஓரணா. 320 காசு ஒரு ரூபாய். முந்திரியை மடியிலே முடிந்து சந்தைக்குப் போனவர்கள் நம் பாட்டிமார்! உழைப்போர் நாள்தோறும் கையாண்டு, சரிபார்த்து, வழக்கில் நிறுத்திய அளவு அது.

அந்த மெய்ப்பெருமை இருக்க, பொய்ப்பெருமை எதற்கு? புராணத்திலே விமானம் பறந்தது என்பாரை நகையாடும் நாம், நம் ஏட்டிலே அணு அளக்கப்பட்டது என்பதை மட்டும் சோதிக்காமல் ஏற்றால், நம் பகுத்தறிவு அடுத்த வீட்டுக்கு மட்டுமே உரியதாகிவிடும். இனி அந்த முழக்கம் எழும்போது, சினம் வேண்டாம், ஏளனமும் வேண்டாம். எட்டு எள்ளையும் ஒரு நெல்லையும் எடுத்து, மேசைமீது அடுக்கிக் காட்டுங்கள்.