ஆளில்லாத மலை

இரண்டு முக்கோணம், நடுவே அரைவட்டச் சூரியன், கீழே வளைந்து வரும் ஆறு, ஒரு குடிசை, ஒரு தென்னை. 'இயற்கைக் காட்சி வரைக' என்றால் நாம எல்லாரும் வரைஞ்சது இதைத்தான். போடிநாயக்கனூரில் உட்கார்ந்து இதை வரைவது இன்னும் வேடிக்கை. அங்கே ஏலமலை மேற்கில் நிற்கிறது. சூரியன் அதற்குப் பின்னால் மறையுமே தவிர உதிக்காது. நோட்டில் மட்டும் தினமும் உதிக்கும்.

அந்தப் படத்தில் ஏன் ஆளே இல்லை?

பதினெட்டாம் நூற்றாண்டு இங்கிலாந்தில் 'கிளாட் கண்ணாடி' என்று ஒன்று இருந்தது. காட்சிக்கு முதுகைக் காட்டி நின்று, கருமையான ஒரு குவிந்த கண்ணாடியில் அதன் பிம்பத்தை ரசிப்பார்கள். ஓவியர் கிளாட் லொரேன் வரைந்த மாதிரி எல்லாம் மென்மையாகத் தெரியும். இன்ஸ்டாகிராம் ஃபில்டருக்கு முப்பாட்டன்! அதே காலத்தில், 1750 வாக்கில், கெய்ன்ஸ்பரோ ஆண்ட்ரூஸ் தம்பதியை அவர்களுடைய நிலத்திலேயே வைத்து வரைந்தார். பக்கத்தில் கோதுமைக் கட்டுகள் அடுக்கியிருக்கும். அறுத்தவர்கள் க்ராப் ஆகிவிட்டார்கள்.

இந்தக் கண் நம்ம மலைக்கும் வந்தது. 1862இல் மதராஸ் அரசு டக்ளஸ் ஹாமில்டன் என்ற ராணுவ அதிகாரியைத் தென்னிந்திய மலைகளை வரைய அனுப்பியது. ஐரோப்பியப் படைவீரர்கள் தங்கி உடம்பு தேற ஏற்ற இடம் எது என்று பார்க்கத்தான் அந்தப் படங்கள். போடிக்கு வடக்கே பழனி மலையையும் வரைந்தார். பேரிஜம் ஏரிப் பக்கம் 'ஃபோர்ட் ஹாமில்டன்' என்று அவர் பெயரில் இன்றும் ஓர் இடம் உண்டு. அழகான புல்வெளி என்பது இங்கே குடியேறத் தோதான காலி மனை என்றும் ஆகிறது. அங்கே ஏற்கெனவே வாழ்ந்தவர்களை முன்னால் நிறுத்தி வரைந்தால் மனை எப்படிக் காலியாகத் தெரியும்?

தொல்காப்பியம் இந்த விஷயத்தில் நேர்மையானது. நிலத்தின் கருப்பொருளில் மரம், பறவையோடு அங்குள்ளவர்களின் தொழிலும் சேர்த்தி. குறிஞ்சி என்றால் தினைப்புனத்தில் கிளி விரட்டும் பெண்ணும் அதில் இருப்பாள். (சங்க காலம் பொற்காலம் என்று சொல்ல வரலை, பயப்படாதீங்க.)

இன்றைக்கும் விடியும் முன்னே பெண்களை நெருக்கி ஏற்றிக்கொண்டு ஜீப்புகள் போடிமெட்டு வழியாகக் கேரள எஸ்டேட்டுகளுக்கு ஏறுகின்றன. ஏலத்தோட்டத்துக்குள் 'காட்சி' என்று எதுவும் கிடையாது. நிழல்மரங்கள் வானத்தை மூடியிருக்கும். காய் செடியின் உச்சியில் இல்லை. தூரிலிருந்து கிளம்பும் சரத்தில், மண்ணை ஒட்டிக் கிடக்கும். ஈரத்தில் குனிந்தும் குந்தியும் ஒவ்வொரு தூராக நகர்ந்து, முற்றிய காயை மட்டும் பார்த்து எடுக்கணும். பிஞ்சை விட்டுவிட்டு, அதே செடிக்குச் சில வாரம் கழித்துத் திரும்ப வரணும்.