கண்டி வீதியும் இருதய நோயாளரும்

வன்னியின் போர்க்கால வரலாற்றை எழுதுவோர் காயமுற்றோரை எண்ணுவர். பழுதுற்ற இருதயத்துடன் வாழ்ந்து பிழைத்தோரை எண்ணுவது அரிது. சிறுவயதில் வாதக்காய்ச்சலால் இருதய வால்வு பாதிக்கப்பட்டவருக்கு மூன்று நான்கு வாரங்களுக்கொருமுறை, பல்லாண்டுகள், பெனிசிலின் ஊசி ஏற்றவேண்டும். தவணை பிழைத்தால் காய்ச்சல் திரும்பி வால்வை மேலும் சிதைக்கக்கூடும். எனவே நோயின் வன்மையோடு கண்டி வீதியின் நிலையும் அன்னாரது ஆயுளை நிர்ணயித்தது என்பது எமது கருத்து. 2002 பெப்ரவரியில் அவ்வீதி திறக்கலாயிற்று. 2006 ஓகஸ்டில் முகமாலை வாயில் அடைபட, யாழ்ப்பாணம் போதனா வைத்தியசாலைக்கான தரைவழி அற்றது. தெற்கே ஓமந்தையைக் கடக்க இருதரப்பாரின் அனுமதியும் வேண்டியிருந்தது. மூச்சிரைப்பு அனுமதிக்குக் காத்திருக்குமா? 2009 பெப்ரவரி முதல் மே வரை சர்வதேச செஞ்சிலுவைக் குழு முல்லைத்தீவுக் கரையிலிருந்து திருகோணமலை மாவட்டத்துக்குக் கப்பலில் ஏற்றிச்சென்ற காயமுற்றோரிடையே நோயாளரும் இருந்தனர்.